முப்பது வருடம் கழித்து ஒரு ஏர் ரைபிள்

கேள்வி: எனக்கு 54 வயதுங்க. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி. கல்லூரியில் என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைபிள் சுட்டிருக்கிறேன். அந்தக் காலத்துக் குரூப்பிங் அட்டை ஒன்று இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது. அப்பா வாங்கி வைத்திருந்த ஏர் ரைபிளில் தோட்டத்தில் டப்பா, பாட்டில் என்று சுட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் தறி, கல்யாணம், கடன் என்று எல்லாம் விட்டுப்போச்சு. இப்போது மகன் தறியைப் பார்த்துக்கொள்கிறான். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஆசை. ஆனால் எதை வாங்குவது? 1000 எப்.பி.எஸ். என்கிறார்கள், நைட்ரோ பிஸ்டன் என்கிறார்கள், பி.சி.பி. என்கிறார்கள். பாயிண்ட் 177 நல்லதா, பாயிண்ட் 22 நல்லதா? நாற்பதாயிரம் வரைக்கும் போடலாம். அப்பாவுடைய பழைய துப்பாக்கி பரண்மேல் இருக்கிறது, அதையே சரிபண்ணி வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசனை.
— விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் குரூப்பிங் அட்டைதான். டப்பா விழும் சத்தத்துக்காகச் சுடுகிறவர்கள் ஒரு ரகம். ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்று பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முப்பது வருடம் அட்டையைச் சாமி படத்தோடு வைத்திருந்தவர் இரண்டாவது ரகம். எந்த ரைபிள் என்பதில் பாதி முடிவு அங்கேயே வந்துவிட்டது.

முதலில் அந்த 1000 எப்.பி.எஸ்., அதாவது வினாடிக்கு 1000 அடி வேகம் என்கிற விளம்பரத்தைப் பார்த்துவிடுவோம். அதற்குச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் சுட்ட காலத்தில் இருந்த சட்டம் வேறு. ஓர் அங்குல கனமுள்ள மென்மரப் பலகையை ஐந்தடி தூரத்திலிருந்து சுட வேண்டும், குண்டு துளைக்காவிட்டால் லைசென்ஸ் வேண்டாம். அதுதான் அன்றைய சோதனை. 2016 ஜூலையில் வந்த ஆயுத விதிகள் இதை மாற்றிவிட்டன. இப்போது இரண்டு கணக்கு: குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது பாயிண்ட் 177-க்கு மேல் போகக்கூடாது. குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக்கூடாது. இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே பாயிண்ட் 22 ஏர் ரைபிள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் லைசென்ஸ் சாமான்தான். உங்கள் “177-ஆ, 22-ஆ” கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. போட்டிக்குப் பயன்படும் குண்டு சுமார் 0.53 கிராம். அது 20 ஜூல் அளவைத் தொட வினாடிக்கு 275 மீட்டர், அதாவது 900 அடி வேகம் போதும். அதே குண்டு 1000 அடி வேகத்தில் போனால் 24 ஜூலுக்கு மேல். 0.45 கிராம் லேசுக் குண்டைப் போட்டாலும் 20-ஐத் தாண்டித்தான் நிற்கும். ஆக, லைசென்ஸ் வேண்டாம், வேகம் 1000 என்று ஒரே மூச்சில் சொல்கிற விளம்பரம், ஒன்று பஞ்சு மாதிரி லேசான குண்டை வைத்து அளந்திருக்கும், இல்லையென்றால் கதை விடுகிறது. சரி, ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிளின் வேகம் எவ்வளவு? வினாடிக்கு 170, 175 மீட்டர். எட்டு ஜூலுக்குப் பக்கம். 2008-ல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த ரகத் துப்பாக்கியில்தான். காகிதத்தில் ஓட்டை போட அதற்குமேல் வேகம் எதற்கு?

வேகம் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? உங்கள் வயதில் மூன்றைப் பார்க்கச் சொல்வேன்: கண், தோள், டிரிகர்.

கண்ணில் ஆரம்பிப்போம், ஏனென்றால் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். என்.சி.சி. காலத்தில் பின்சைட், முன்சைட், இலக்கு மூன்றும் கண்ணாடி மாதிரித் தெரிந்திருக்கும். வெள்ளெழுத்து வந்த பிறகு பின்சைட்டின் பள்ளம் பஞ்சாகத் தெரியும். ‘ரைபிள் சரியில்லை’ என்று மூன்று துப்பாக்கி மாற்றியவரை எனக்குத் தெரியும். மாற்ற வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடியைத்தான். பீப் சைட் என்கிற துளை சைட் இதற்கு நல்ல மருந்து. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் சிறு துளை வழியாகப் பார்க்கும்போது, முன்சைட்டும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். பின்சைட்டை நீங்கள் பார்க்க வேண்டியதே இல்லை, அதன் ஊடாகப் பார்த்தால் போதும். முன்சைட்டில் வளையம் போட்டு, கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை சமமாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் துல்லியம் கூடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ், கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

கண் மருத்துவரிடம் போகும்போது, “முன்சைட் என் கண்ணிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறது, அது தெளிவாகத் தெரிய வேண்டும்” என்று அளந்து சொல்லுங்கள். தூரப் பார்வை பவரோடு சுமார் அரை பவர் கூட்டி ஒற்றை லென்ஸ் எழுதித் தருவார். இப்போது போட்டிருப்பது மேலே தூரம், கீழே படிப்பு என்று இருக்கும் புரோகிரசிவ் கண்ணாடி என்றால், அதைப் போட்டுச் சுடாதீர்கள். தலை ஒரு நூல் அசைந்தால் பவர் மாறிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பேன்ட் பையில் விட்டபடி சுட்டு, கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அவருக்கு வயது 51.

அடுத்தது தோள். ஸ்பிரிங் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி இழுக்க வேண்டும். பவர் கூடக் கூட அந்த இழுவையும் கூடும். பெரிய மாடல்களில் இருபது கிலோவை நெருங்கும். இருபது வயதில் அது உடற்பயிற்சி. 54-ல் அறுபது குண்டு இழுத்துப் பாருங்கள், மறுநாள் பாவு பிடிக்க வலது கை வராது. நைட்ரோ பிஸ்டன் என்பது கம்பிச் சுருளுக்குப் பதில் அடைத்த வாயு. சத்தமும் அதிர்வும் கொஞ்சம் குறையும், ஆனால் இழுவை முதல் அங்குலத்திலிருந்தே கனமாக இருக்கும். உங்கள் தோளுக்கு அதில் லாபமில்லை.

ஸ்பிரிங்கில் இன்னொன்றும் உண்டு. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் உதைக்கும். குண்டு குழலை விட்டு வெளியே வருமுன்பே இதில் பாதி நடந்துவிடும். அதனால் என்.சி.சி.யில் சொல்லிக்கொடுத்ததுபோலத் தோளில் இறுக்கிப் பிடித்தால் குரூப் சிதறும். உள்ளங்கையில் சும்மா ஏந்தி, அது போகிற போக்குக்கு விட வேண்டும். பழைய பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது கஷ்டம். சாதாரண டெலஸ்கோப் மாட்டினாலும் இந்த இரட்டை உதையில் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும்.

பி.சி.பி.யில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஏற்பாடு. உதை கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் காற்றடிக்க வேண்டும். கைப்பம்பில் அடித்தால் மூச்சு வாங்கும். நம் ஊர் மழைக்கால ஈரக்காற்று உள்ளே போனால் உருளைக்கும் நல்லதல்ல. ஈரத்தை வடிக்கும் வடிகட்டி இருக்கும் பம்பாகப் பாருங்கள்.

டிரிகரைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. எனக்குக் கேட்டால் குழலைவிட டிரிகர் முக்கியம் என்பேன். போட்டி ரைபிளில் நூறு கிராம் அழுத்தம் போதும். கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் ரைபிள்களில் இரண்டு கிலோ வரைகூட இருக்கும். மூன்றரைக் கிலோ துப்பாக்கியை ஏந்திக்கொண்டு இரண்டு கிலோவை ஒரு விரலால் இழுத்தால் குறி எங்கே நிற்கும்?

ஆகவே என் யோசனை: உடனே எதையும் வாங்காதீர்கள். கோயம்புத்தூர் ரைபிள் கிளப் பக்கத்திலேயே இருக்கிறது. போய் விசாரித்து, உறுப்பினராக வழி பாருங்கள். அங்கே இருக்கும் ரைபிள்களைத் தொட்டு, சுட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு மூன்று மாதம் அதிலேயே ஓட்டுங்கள். உங்கள் கழுத்து நீளம், கைநீளம், எந்தக் கண் முந்திக்கொள்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். வலக்கைக்காரருக்கு இடக்கண் முந்துவது அபூர்வமல்ல. அது தெரியாமல் வாங்கினால் ஸ்டாக்கே தப்பாகிவிடும். வயதைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். மூத்தவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது. நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கியபோது அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால், நாற்பதாயிரத்தில் இரண்டு வழி. ஒன்று, நம் நாட்டில் செய்யும் பி.சி.பி. ரைபிள், பம்போடு. பிரெசிஹோல் போன்ற கம்பெனிகளின் மாடல்கள் ஏறக்குறைய இந்தக் கணக்கில் அடங்கும். பவர் குறைந்த, பீப் சைட் மாட்ட இடமுள்ள மாடலைக் கேளுங்கள். இன்னொன்று, கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, கிளப் வட்டாரத்தில் யாராவது விற்கும் பழைய போட்டி ரைபிள். ஃபைன்வெர்க்பாவ், வால்டர், ஆன்ஷுட்ஸ் எல்லாம் புதிதாக லட்சங்களில் போகும். பத்துப் பதினைந்து வருடம் பழகினாலும் குழல் தேய்வதில்லை. ஆனால் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். அலுமினிய உருளைகளுக்குப் பத்து வருடம் என்று தயாரிப்பாளர்களே ஆயுள் குறித்திருக்கிறார்கள். தேதி தாண்டியிருந்தால் புது உருளையின் விலையை மனதில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு இந்த இரண்டாவது வழிதான். புதுசு வாங்கினோம் என்கிற சந்தோஷம் ஒரு வாரம், நல்ல டிரிகரின் சந்தோஷம் பல வருடம்.

எந்த வழியானாலும் ரசீது, ஆற்றல் அளவு குறித்த தயாரிப்பாளர் சான்று இரண்டையும் கேட்டு வாங்கி, நகலைத் துப்பாக்கிப் பையிலேயே வையுங்கள். வழியில் போலீஸ் கேட்டால் பேச்சைக் குறைக்கும்.

பரண்மேல் இருப்பதைப் பற்றி. அது டயானாவோ, நேஷனலோ, ஐ.எச்.பி.யோ என்று நீங்கள் எழுதவில்லை. (ஐ.எச்.பி. என்றால் இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி. சிமென்ட் குழாய் செய்த அதே கம்பெனிதான். குழாயில் ஆரம்பித்துக் குழலுக்கு வந்தார்கள்.) முதலில் குழல் 4.5-ஆ 5.5-ஆ என்று பாருங்கள். 5.5 என்றால் சுட வேண்டாம், மறைத்தும் வைக்க வேண்டாம். ஆயுத உரிமம் பார்க்கும் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். மாநகர எல்லைக்குள் காவல் ஆணையர், உங்கள் ஊர் போன்ற இடங்களுக்கு ஆட்சியர் அலுவலகம். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல் விவரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். 4.5 என்றால் கவலை குறைவு. உள்ளே தோல் வாஷர் முப்பது வருடத்தில் காய்ந்து சருகாகியிருக்கும், ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருக்கும். விவரம் தெரிந்தவரிடம் பிரித்து மாற்றுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ ஊற்றிவிடாதீர்கள். அழுத்தத்தில் எண்ணெய் பற்றி வெடிக்கும். தேங்காயெண்ணெய் போதாக்குறைக்கு மார்கழியில் உறைந்தும் போகும்.

குண்டு வாங்கும்போது தலை தட்டையாக இருப்பதை வாங்குங்கள், காகிதத்தில் ஓட்டை சுத்தமாக விழும். இரண்டு மூன்று கம்பெனிக் குண்டுகளைச் சின்ன டப்பாவாக வாங்கி, மேசைமேல் தாங்கு வைத்து, பத்து மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டு பிடிக்கும். ஈயம் என்பதால், சுட்ட பிறகு கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், என் ஸ்பிரிங் ரைபிளுக்குக் கனமான ஸ்பிரிங் சுற்றிப் போட்டால் பவர் ஒன்றரை மடங்கு ஆகும் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், சரவணம்பட்டி

பதில்: நண்பரின் கைத்திறமையில் சந்தேகமில்லை. மோட்டார் பம்பையே சுற்றித் தரும் ஊரில் ஒரு ஸ்பிரிங் பெரிய விஷயமா? ஆனால் அந்த ஒன்றரை மடங்கு 20 ஜூல் அளவைத் தாண்டினால், பட்டறையிலிருந்து வெளியே வருவது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் செய்ததும் மாற்றியதும் அவர் தலையில், வைத்திருந்தது உங்கள் தலையில். சட்டத்தை விடுங்கள், சுடுவதற்கும் அது கெடுதல்தான். கனமான ஸ்பிரிங் என்றால் உதையும் கனம். பிஸ்டன் சீல் சீக்கிரம் கிழியும், குரூப் விரியும்.

நண்பரிடம் வேறு வேலை கொடுங்கள். மூன்று மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டில் ஓரடிக்கு ஓரடி வாய் வைத்த பெட்டி. உள்ளே பின்தகடு 45 டிகிரி சாய்ந்து, குண்டைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். அடியில் மணல். வாய்ப்பக்கம் இலக்கு அட்டையைச் செருக இரண்டு காடி. கடையில் வாங்குவதைவிட இது நன்றாகவே இருக்கும். சாய்மானத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். நேர்த்தகடு என்றால் ஈயத்துணுக்கு திரும்பிச் சுட்டவர் முகத்துக்கே வரும். எப்படியானாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மக்காச்சோளமும் தக்காளியும் போட்டிருக்கிறேன். மயில் தொல்லை தாங்க முடியவில்லை. ஏர் கன் வாங்கி, கொல்லாமல், சும்மா மேலே பட்டு ஓடுகிற மாதிரி சுட்டால் தப்பா?
— விவசாயி, கிணத்துக்கடவு

பதில்: தப்புதாங்க, பெரிய தப்பு. மயில் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வேட்டை என்பதில் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் அடக்கம். மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. “சும்மா மேலே பட்டு” என்று ஒன்று கிடையாது. இறகுக்குள் போன ஈயக்குண்டோடு அது பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் சாகும்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பல்லடம் தொடங்கிப் பொள்ளாச்சி வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். அதற்கு ஏர் ரைபிள் பதில் இல்லை. சேதத்தைப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு கொஞ்சம் தளர்த்தியது உண்மை. ஆனால் அதிலும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர்தான் சுடலாம், தோட்டக்காரர் அல்ல.

கவுதாரி, மணிப்புறா, காடை எல்லாவற்றுக்கும் இதே சட்டம். முன்பு காகத்தையும் எலியையும் தனிப் பட்டியலில் போட்டு விட்டுவைத்திருந்தார்கள். 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே போய்விட்டது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் என்று ஒன்று ஆரம்பித்து, ஒரு வருடத்துக்குள் 1,600-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டில் பறவைச் சத்தமே கேட்கவில்லை என்பதுதான் அவர்கள் கவலை. நம் பக்கம் அந்த நிலை வந்தால், காகிதத்தில் மட்டும் சுடுகிற எங்களிடமிருந்தும் பிடுங்கிவிடுவார்கள், அது என் சுயநலம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டைமாடியில் பத்து மீட்டர் இடம் இருக்கிறது. பயிற்சி செய்யலாமா?
— வாசகர், வடவள்ளி

பதில்: வேண்டாம். தவறிய குண்டு நூற்றுக்கணக்கான மீட்டர் போகும், மாடிக்குப் பின்னால் சுவர் இல்லை. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அரை கிராம் குண்டை வைத்துக்கொண்டு மாடியில் நின்றால் பயிற்சியும் நடக்காது. வீட்டுக்குள் நீளமான ஹாலும் வராந்தாவும் சேர்ந்து 33 அடி வந்தால் நல்லது. இலக்குக்குப் பக்கத்தில் கதவு இருக்கக்கூடாது. வேலை செய்யும் அம்மா திடீரென்று திறந்துகொண்டு வருவார். இடம் பத்தாவிட்டால் குண்டே இல்லாமல், டிரிகரை மட்டும் இழுத்துக் குறி அசைகிறதா என்று பாருங்கள். போட்டிக்காரர்கள் பாதி நேரம் செய்வது இதைத்தான். பி.சி.பி. போட்டி ரைபிள்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கும். ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் குண்டில்லாமல் இழுக்கவே கூடாது. எதிரழுத்தம் இல்லாமல் பிஸ்டன் போய் இடித்து நொறுங்கும்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. இளவேனில் வாலறிவன் சுடுவதைப் பார்த்துவிட்டு ரைபிள் வேண்டும் என்கிறாள். பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாமா?
— ஓர் அம்மா, ஈரோடு

பதில்: ஆசையைத் தடுக்காதீர்கள், ரைபிளை மட்டும் தள்ளிப் போடுங்கள். இளவேனில் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கி, டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனார். அவரும் பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளர் கண் முன்னால் வளர்ந்தவர்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை வருடத்துக்கு இரண்டு அங்குலம் வளரும். இன்று பொருந்தும் ஸ்டாக் அடுத்த கோடை விடுமுறைக்குப் பொருந்தாது. போட்டி ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அவ்வளவு எடையை வளரும் முதுகு நின்றபடி தாங்க, சொல்லித்தர ஆள் வேண்டும். முதலில் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். அங்கே பயிற்சியாளர் சொன்ன பிறகு, முதல் செலவாக அவள் அளவுக்குத் தைத்த ஜாக்கெட் எடுங்கள். வளரும் பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துவிடாதீர்கள். தளர்ந்த ஜாக்கெட் முதுகைத் தாங்காது.